குன்று ஸ்டேஜில் பணம் கட்டுமுன்: வாசகர் கேள்வி – பதில்

டூர் டி பிரான்ஸ் போன்ற பல நாள் சைக்கிள் போட்டிகளில் ஒரு நாள் ஓட்டத்துக்கு ஸ்டேஜ் என்று பெயர். யார் ஜெயிப்பார் என்பதை, சமதள ஸ்டேஜ் என்றால் கடைசி மீட்டர்களில் பாய்ந்து ஓட்டும் ஸ்பிரிண்டர்கள், பெரிய மலை என்றால் மெலிந்த உடல்வாகு கொண்ட ஏற்ற வீரர்கள் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். இரண்டுக்கும் நடுவில் வரும் குன்று ஸ்டேஜ்தான் பந்தயத்தில் பணம் கட்டுபவர்களை அதிகம் ஏமாற்றுகிறது. அதைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் 2025 டூரிலிருந்து.

அட்டவணையில் 'குன்று ஸ்டேஜ்' என்று போட்டிருந்தால் அதன் வரைபடத்தில் முதலில் எதைப் பார்ப்பது? ஏற்றங்களின் எண்ணிக்கையா, மொத்த உயரமா?
— வாசகர், பாரிஸ்

இரண்டும் அப்புறம். முதலில் கடைசி 30 கிலோமீட்டரைப் பாருங்கள், அதுவும் முடிவுக் கோட்டிலிருந்து பின்னோக்கி. டூரில் ஏற்றங்களை எளிய 4-ஆம் வகையிலிருந்து கடினமான 1-ஆம் வகைவரை பிரித்து, அதற்கும் மேலே 'வகைக்கு அப்பாற்பட்டது' என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். குன்று ஸ்டேஜில் வருபவை பெரும்பாலும் 3, 4-ஆம் வகை ஏற்றங்கள். நாள் முழுக்கப் பத்து ஏற்றம் இருக்கலாம். ஆனால் கடைசி ஏற்றம் கோட்டுக்கு 25 கி.மீ. முன்னாலேயே முடிந்து, பிறகு அகலமான சமதளச் சாலை என்றால், பின்தங்கிய வேகக்காரர்களில் பலர் மறுபடி வந்து ஒட்டிக்கொள்வார்கள்.

நான்கு விவரங்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: கடைசி ஏற்றத்தின் நீளம், அதன் சராசரிச் சரிவு, உச்சியிலிருந்து கோடுவரை எத்தனை கி.மீ., அந்தத் தூரம் இறக்கமா சமதளமா மீண்டும் ஏற்றமா என்பது. மூன்றாவதுதான் மிக முக்கியம். 2025-இல் முர்-த-ப்ரெதாஞ்ஞில் முடிந்த 7-ஆம் ஸ்டேஜில் அந்தத் தூரம் சுழியம், 2 கி.மீ. நீளம், சராசரி 6.9 சதவீதச் சரிவுள்ள ஏற்றத்தின் உச்சியிலேயே கோடு. அதே ஆண்டு ரூவானில் முடிந்த 4-ஆம் ஸ்டேஜில் கடைசி ஏற்றமான சாந்திலேர் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு, ஆனால் சரிவு 10 சதவீதத்தைத் தாண்டும். உச்சியிலிருந்து கோட்டுக்குச் சுமார் 5 கி.மீ. அங்கே தடேய் போகாச்சார் பாய்ந்தபோது உடன் போனவர் யோனாஸ் விங்ககோ மட்டும்தான். அப்படியிருந்தும் அந்த 5 கிலோமீட்டருக்குள் மற்றவர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். கடைசியில் சிறு குழு ஸ்பிரிண்ட். போகாச்சார் முதல், மத்தியூ வான் டெர் பூல் இரண்டாவது, விங்ககோ மூன்றாவது. உச்சியில் முதலில் யார் என்பதற்கும் கோட்டில் முதலில் யார் என்பதற்கும் நடுவில் இவ்வளவு நடக்கிறது.

தூரம் 15 கி.மீ. அளவுக்கு நீண்டால் இன்னொரு வகை ஆள் உள்ளே வருகிறார். 2023-இல் சான் செபாஸ்டியானில் முடிந்த 2-ஆம் ஸ்டேஜில் ஹைஸ்கிபெல் ஏற்றத்துக்குப் பிறகு சுமார் 16 கி.மீ. பாக்கி. மெலிந்துபோன ஒரு குழுதான் மிஞ்சியது. அதில் வேகமான ஸ்பிரிண்டர் வாவுட் வான் ஆர்ட். அவருடைய அணி கடைசிவரை முன்னால் நின்று குழுவை இழுத்தும், கடைசி கிலோமீட்டரில் விக்டர் லஃபே நழுவிப் போய் ஜெயித்தார். லஃபேயின் கோஃபிடிஸ் அணிக்கு 2008-க்குப் பிறகு டூரில் கிடைத்த முதல் ஸ்டேஜ் வெற்றி அது. இத்தகைய வரைபடத்தில் 'ஏற்றத்தைத் தாக்குப்பிடிக்கும் ஸ்பிரிண்டர்' மீது குறைந்த விலைக்கு (விலை, அதாவது ஆட்ஸ்: ஜெயித்தால் கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் திரும்பும் தொகை) கட்டுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நழுவுகிறவரை அவரே துரத்தினால் ஸ்பிரிண்டுக்குக் கால் இருக்காது.

வான் டெர் பூல் போகாச்சாரைவிட நல்ல கனமானவர். ஏற்றம் இருக்கும் ஸ்டேஜில் அவருக்கு எப்படி இவ்வளவு குறைந்த ஆட்ஸ் தருகிறார்கள்?
— வாசகர், ஹாரோ, லண்டன்

ஏற்றத்தின் நேரத்தைக் கணக்கிட்டால் விடை கிடைக்கும். 10 சதவீதச் சரிவில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஏறும்போது, ஒவ்வொரு கிலோ எடையையும் மேலே தூக்கச் சுமார் 5.4 வாட் ஆற்றல் தேவை. இருவருக்கும் எடை வித்தியாசம் ஏறக்குறைய 9 கிலோ என்று வைத்துக்கொண்டால், கனமானவர் கிட்டத்தட்ட 50 வாட் கூடுதலாகத் தர வேண்டும். இரண்டு, இரண்டரை நிமிட ஏற்றத்தில் வலுவான தசை உள்ளவர் அதைத் தந்துவிடுவார். மூச்சுக் கடனைக் கோட்டுக்கு அப்பால் அடைத்துக்கொள்ளலாம். ஐந்து, ஆறு நிமிடத்தைத் தாண்டினால் முடியாது.

ஆகவே வரைபடத்தில் கிலோமீட்டரை நிமிடமாக மாற்றிப் பாருங்கள். 900 மீட்டர், 10 சதவீதம் என்றால் சுமார் இரண்டரை நிமிடம். அவர் ஆட்டத்தில் இருக்கிறார். அதே ஏற்றம் 20 கிலோமீட்டருக்குள் நான்கைந்து முறை வந்தால் கதை வேறு, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோவார். 2025-இல் பூலோன்-சுர்-மேரில் முடிந்த 2-ஆம் ஸ்டேஜில் கடைசியில் குட்டையான, செங்குத்தான ஏற்றங்கள். அங்கே போகாச்சாரை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி வான் டெர் பூல் ஜெயித்தார்.

ஒவ்வொரு முறையும் நட்சத்திர வீரர் மீது கட்டுகிறேன். அவர் நன்றாகத்தான் இருக்கிறார், ஆனால் யாரோ முன்னால் தப்பிப் போய் ஜெயித்துவிடுகிறார்கள். பிரேக் ஜெயிக்குமா, பெலட்டான் ஜெயிக்குமா என்று முன்பே அறிய வழி உண்டா?
— வாசகர், லா கூர்னெவ், பிரான்ஸ்

குன்று ஸ்டேஜ் பந்தயத்தின் மையமே உங்கள் கேள்வியில் இருக்கிறது. முன்னால் தப்பிச் செல்லும் சிறு குழுதான் பிரேக். பின்னால் வரும் பெருங்கூட்டம் பெலட்டான். யார் பலசாலி என்பதைவிட, யாருக்குத் துரத்தக் காரணம் இருக்கிறது என்பதே இங்கே முடிவைத் தீர்மானிக்கிறது.

2025 டூரில் குன்று ஸ்டேஜ் மொத்தம் 6: 2, 4, 6, 7, 15, 20. அவற்றில் மூன்றைப் பெலட்டானின் முன்வரிசை வென்றது (வான் டெர் பூல் ஒன்று, போகாச்சார் இரண்டு). மூன்றைப் பிரேக் வென்றது: 6-இல் பென் ஹீலி, 15-இல் டிம் வெலன்ஸ், 20-இல் கேடன் குரோவ்ஸ். அந்த ஆண்டு டூரையே வென்ற போகாச்சாருக்கு ஆறில் இரண்டுதான். எல்லா நாளும் 2.50 விலைக்கு அவர் மீது ஒரே தொகையைக் கட்டியிருந்தால் 6 ரூபாய்க்கு 5 ரூபாய் திரும்பியிருக்கும்.

அடுத்தடுத்த இரண்டு நாட்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 6-ஆம் ஸ்டேஜ், பேயூவிலிருந்து வீர் வரை, 201.5 கி.மீ. முந்தின நாள் தனிநபர் நேரச் சோதனைக்குப் பிறகு மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சி போகாச்சாரிடம் இருந்தது. முதல் வாரத்திலேயே அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தால் தினமும் அவருடைய அணியே பெலட்டானை இழுக்க வேண்டும். எட்டுப் பேர் பிரேக்கில் போனார்கள், வான் டெர் பூலும் அதில் ஒருவர். ஹீலி கோட்டுக்கு 40 கி.மீ.-க்கு மேல் இருக்கும்போதே தனியாகப் பாய்ந்தார். இரண்டாவதாக வந்த குவின் சிம்மன்ஸ் இரண்டரை நிமிடத்துக்கு மேல் பின்னால். பெலட்டான் ஐந்து நிமிடத்துக்கு மேல் கழித்து வந்தது. கடைசியில் தளர்ந்துபோன வான் டெர் பூலுக்கு மஞ்சள் ஜெர்சி வெறும் 1 விநாடியில் கிடைத்தது. மறுநாள் முர்-த-ப்ரெதாஞ் உச்சியில் முடிவு. அங்கே போகாச்சாருக்கு வெற்றியும் போனஸ் விநாடியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அன்று பிரேக்கை விடவில்லை. அவரே ஜெயித்து ஜெர்சியையும் திரும்ப எடுத்துக்கொண்டார்.

எனவே ஸ்டேஜுக்கு முந்தின இரவு இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுங்கள். இந்த முடிவுக்குப் பொருத்தமான வீரர் எத்தனை அணிகளில் இருக்கிறார்? மூன்று, நான்கு அணிகள் என்றால் துரத்தலுக்கு ஆள் கிடைக்கும். ஒரே அணி என்றால் மற்றவர்கள் "நீயே இழு" என்று கைவிட்டுவிடுவார்கள். கோட்டில் முதல் மூவருக்கு 10, 6, 4 விநாடி போனஸ் உண்டு. மொத்தத் தரவரிசையில் தலைவர்களுக்கு இடையே சில விநாடிகள்தான் வித்தியாசம் என்றால் அந்தப் போனஸுக்காகவே துரத்துவார்கள். நாளை பெரிய மலையா? அப்படியானால் இன்று உதவி வீரர்களைக் களைப்பாக்க மாட்டார்கள். மூன்றாம் வாரம் வந்துவிட்டால் பல வீரர்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கியிருப்பார்கள்; அவர்கள் தப்பிப் போவதைப் பற்றித் தலைவர் அணிக்குக் கவலையில்லை. 20-ஆம் ஸ்டேஜில் குரோவ்ஸ் ஜெயித்தது அப்படித்தான், அதுவும் ஸ்பிரிண்டர் என்று பெயர் பெற்றவர் தனியாகத் தப்பிப் போய்.

ஷாபாத் என்ற பிரெஞ்சு வர்ணனையாளரின் பெயரால் ஒரு பழைய கணக்கு உண்டு: தனியாகப் போகிறவரைப் பெலட்டான் 10 கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் வீதம் பிடித்துவிடும். சமதளத்தில் அது இன்றும் ஓரளவு பொருந்தும். குன்றுச் சாலையில் அப்படியே நம்பாதீர்கள். ஏற்றம் தோறும் துரத்துகிற அணி தன் உதவி வீரர்களில் ஒவ்வொருவராக இழக்கிறது. கடைசி 20 கிலோமீட்டரில் இழுக்க ஆளே இருக்காது. 2024-இன் முதல் ஸ்டேஜில் ரிமினியில் ரொமேன் பார்டேயும் அவருடைய அணித் தோழரும் 5 விநாடி வித்தியாசத்தில் தப்பியதை அந்தக் கணக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்காது.

ஸ்டேஜ் வெற்றியாளர் பந்தயத்தில் நிறுவனத்தின் பங்கு எவ்வளவு? வெளியே தெரிவதில்லையே.
— வாசகர், டொரன்டோ

நீங்களே கூட்டிப் பார்க்கலாம். ஒவ்வொரு வீரரின் தசம ஆட்ஸாலும் 100-ஐ வகுத்து எல்லாவற்றையும் கூட்டுங்கள். நியாயமான பட்டியல் என்றால் விடை 100 வர வேண்டும்.

மாதிரிக்கு ஒரு பட்டியல் போடுவோம். முதல் வீரர் 2.50 (40), அடுத்தவர் 6 (16.7), அடுத்தவர் 10 (10), 15-இல் இருவர் (13.3), 26-இல் நால்வர் (15.4), 51-இல் பத்துப் பேர் (19.6), 101-இல் இருபது பேர் (19.8). இந்த 39 பேருக்கே 134.8 ஆகிவிட்டது. 2025 டூரில் 23 அணிகள், அணிக்கு 8 பேர், ஆக 184 பேர் புறப்பட்டார்கள். மிச்சமுள்ள 145 பேரையும் 501 விலையில் போட்டால் இன்னும் சுமார் 29. மொத்தம் 163-க்கு மேல். எல்லா வீரர்கள் மீதும் விலைக்கு ஏற்றபடி பிரித்துக் கட்டினாலும் 100 பவுண்டுக்குச் சுமார் 61 பவுண்டுதான் திரும்பும் என்பது இதன் பொருள்.

பெரிய எண்ணைப் பார்த்து மயங்கும் இடமும் இதுதான். 501 என்று போட்டிருக்கும் வீரருக்கு உண்மையில் 500-இல் ஒரு வாய்ப்புகூட இல்லாமல் இருக்கலாம். அன்று தலைவருக்குத் தண்ணீர் பாட்டில் சுமப்பதே அவர் வேலையாக இருக்கும். எங்கள் கருத்தில், நீண்ட விலையில் கட்டுவதாக இருந்தால் 20 முதல் 60 வரையிலான விலையில் இருக்கும் பிரேக் வீரர்களைத் தேடலாம்: தரவரிசையில் பின்தங்கியவர், அணியில் காப்பாற்ற வேண்டிய தலைவர் இல்லாதவர், கடந்த இரண்டு நாட்களில் வேண்டுமென்றே மெதுவாக வந்து காலைச் சேமித்தவர். இந்த மூன்றும் சேர்ந்தவர்கள் ஒரு ஸ்டேஜுக்குப் பத்துப் பேருக்கு மேல் தேற மாட்டார்கள்.

ஈச்-வே கட்டினால் பாதுகாப்பு என்கிறார்களே?
— வாசகர், லெஸ்டர்

குறைந்த விலையில் பாதுகாப்பே இல்லை. ஈச்-வே என்பது இரண்டு பந்தயம்: பாதிப் பணம் வெற்றிக்கு, பாதி 'இடம் பிடிப்பதற்கு'. விதி 'மூன்று இடம், கால் ஆட்ஸ்' என்று வைத்துக்கொள்ளுங்கள். 21.00 விலையுள்ளவர் மீது 10 பவுண்ட் போட்டு அவர் மூன்றாவதாக வந்தால், இடப் பந்தயத்தின் விலை 6.00 (லாபப் பகுதியான 20-இல் கால் பங்கு 5, அதோடு முதல் 1), 5 பவுண்டுக்கு 30 திரும்புகிறது, நிகர லாபம் 20. அதே 10 பவுண்டை 2.50 விலையுள்ளவர் மீது போட்டு அவர் இரண்டாவதாக வந்தால், இடத்தின் விலை 1.375, கையில் வருவது 6.88 பவுண்ட். உங்கள் வீரர் மேடையேறியும் 3 பவுண்டுக்கு மேல் நஷ்டம். ஐந்துக்குக் கீழே உள்ள விலையில் ஈச்-வே கட்டவே வேண்டாம். கால் ஆட்ஸா, ஐந்தில் ஒரு பங்கா, எத்தனை இடம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் மாறும். ரசீதில் அச்சாகியிருப்பதே செல்லும்.

இரண்டு வீரர்களில் யார் முன்னால் என்ற ஹெட்-டு-ஹெட் பந்தயத்தில் லாபம் எளிது என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?
— வாசகர், பாரிஸ்

எளிது இல்லை, ஆனால் சாலையைப் படிக்கத் தெரிந்தவருக்கு மதிப்புள்ள இடம் அதுதான். இரு பக்கமும் 1.85 என்றால் கூட்டல் 108. ஸ்டேஜ் வெற்றியாளர் பட்டியலோடு ஒப்பிட்டால் நிறுவனத்தின் பங்கு மிகக் குறைவு. நூற்றுக்கு 54-க்கு மேல் சரியாகச் சொன்னால் முதலுக்கு மோசமில்லை.

விதியில் மூன்று விஷயத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இருவரும் புறப்பட வேண்டும். ஒருவர் காலையில் விலகினால் பணம் திரும்பும். ஒருவர் நடுவழியில் விலகினால் பெரும்பாலான நிறுவனங்களில் மற்றவர் ஜெயித்ததாகக் கொள்வார்கள். மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை: தீர்ப்பு நேரத்தை வைத்து அல்ல, கோட்டைத் தாண்டிய வரிசையை வைத்து. வீர் ஸ்டேஜ் போன்ற நாளில் பிரேக் முன்னால் போய்விட்டால், மொத்தத் தரவரிசைக்குப் போட்டியிடும் இருவர் ஒரே கூட்டத்தில், ஒரே நேரத்தில் வந்துசேரலாம். ஆனால் ஒருவர் 14-ஆவது, மற்றவர் 22-ஆவது. நேரத்தில் வித்தியாசமே இல்லை, உங்கள் பணத்துக்கு உண்டு. ஆகவே அத்தகைய நாளில் 'யார் நன்றாக ஏறுவார்' என்று கேட்பதைவிட, 'இருவரில் யாருக்குக் கடைசி 200 மீட்டரில் வேகம் அதிகம், யார் கூட்டத்தின் முன்பகுதியில் நிற்கும் பழக்கமுள்ளவர்' என்று கேளுங்கள்.

எந்தப் பெயர்களைத் தவிர்க்க வேண்டும் என்பதும் முக்கியம். உதவி வீரர் தன் தலைவரைக் கடைசி ஏற்றத்தின் அடிவாரத்தில் கொண்டுவிட்டதும் பெடலை விட்டுவிடுவார். பலம் இருந்தும் பத்து நிமிடம் பின்னால் வருவார். மறுநாள் நேரச் சோதனை இருந்தால் அதில் ஜெயிக்க விரும்புகிறவரும் அப்படியே. ஸ்பிரிண்டர் இருவருக்கு இடையிலான ஹெட்-டு-ஹெட்டைக் குன்று ஸ்டேஜில் தொடாதீர்கள்; இருவரும் கடைசிக் கூட்டத்தில் பேசிக்கொண்டே வருவார்கள், யார் சக்கரம் முன்னால் என்பது தற்செயல்.

விழுதலும் கணக்கில் இருக்கட்டும். முர்-த-ப்ரெதாஞ் ஸ்டேஜில் கடைசி ஏற்றத்துக்குச் சில கிலோமீட்டர் முன்பு பெரிய விழுதல் நடந்து ஜுவாவ் அல்மெய்தா அதில் சிக்கினார். இரண்டு நாள் கழித்துப் போட்டியையே விட்டு விலகினார். கடைசி 3 கி.மீ. விதி விழுந்தவருக்கு நேரத்தைத்தான் காப்பாற்றித் தரும், அதுவும் எல்லா ஸ்டேஜிலும் இல்லை, இடத்தைத் தராது.

காற்றின் திசையைப் பார்க்க வேண்டுமா?
— வாசகர், மொன்ட்ரியால்

கட்டாயம். கடைசி ஏற்றத்தில் எதிர்க்காற்று என்றால் முன்னால் பாய்கிறவருக்குத் தண்டனை, பின்னால் ஒட்டியிருப்பவருக்கு ஓய்வு; ஸ்பிரிண்டின் வாய்ப்பு கூடும். பின்காற்று என்றால் பாய்ச்சல் பலிக்கும். ஸ்டேஜ் முழுதும் பொதுவாக எந்தத் திசையில் போகிறது என்று வரைபடத்தில் கோடு போட்டு, மெத்தியோ-பிரான்ஸ் தரும் மணிவாரிக் கணிப்போடு பொருத்துங்கள், முடிவு நேரமான மாலை 5 மணியை ஒட்டிய கணிப்பு. காலையில் பார்த்துவிட்டு விடாதீர்கள். மழை வந்தால், ஏற்றத்தைத் தொடர்ந்து நெளிவான இறக்கம் இருக்கும் ஸ்டேஜில் பிரேக்குக்குச் சாதகம். தனியாக இறங்குபவர் தன் கோட்டைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார், கூட்டமோ பயந்து நீளும்.

ஸ்டேஜ் நடக்கும்போதே டிவி பார்த்துக் கட்டலாமா?
— வாசகர், ஸூரிக்

வேண்டாம். இணைய ஒளிபரப்பு உண்மை நிகழ்வுக்கு அரை நிமிடம்வரை பின்னால் இருக்கலாம். நீங்கள் பாய்ச்சலைப் பார்க்கும் நேரத்தில் விலை மாறியிருக்கும். பந்தயத்தை ஏற்பதற்கும் நிறுவனம் சில விநாடி எடுத்துக்கொள்ளும். உங்களுக்குச் சாதகமான விலையை ஏற்காது, பாதகமானதை உடனே ஏற்கும்.

கோவையிலிருந்து எழுதுகிறேன். யூரோஸ்போர்ட் பார்ப்பதுண்டு. வெளிநாட்டுத் தளத்தில் கணக்குத் திறந்து கட்டினால் தவறா? வி.பி.என். போட்டால் போதும் என்கிறான் தம்பி.
— வாசகர், கோவை

கட்ட முடியாது, கூடாது. தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத்தைத் தடை செய்யும் சட்டம் 2023-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு மேல், 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற ஒன்றியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுச் சேவைகளையும், அவற்றின் விளம்பரத்தையும், வங்கிகள் அவற்றுக்குப் பணம் கைமாற்றுவதையும் தடை செய்கிறது. வி.பி.என். இதை மாற்றாது. நடைமுறையில் இன்னொரு ஆபத்தும் உண்டு: முகவரிச் சான்று கேட்கும் கட்டத்தில்தான் வெளிநாட்டுத் தளம் கணக்கை முடக்கும், அது பெரும்பாலும் ஜெயித்த பணத்தை எடுக்கப் போகும்போது. தடுக்கப்பட்ட நாட்டிலிருந்து கட்டியது தெரிந்தால் ஒரு காசும் வராது, புகார் செய்யவும் இடமில்லை. தம்பியிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

இதே பக்கத்தில் பாரிஸுக்கும் லண்டனுக்கும் வேறு பதில் தருவதற்குக் காரணம், பிரான்ஸில் 2010 முதல் உரிமம் பெற்ற தளங்களில் இது சட்டபூர்வம். பிரிட்டனிலும் சூதாட்ட ஆணையத்தின் உரிமம் உள்ள நிறுவனங்களில் 18 வயதானவர் கட்டலாம், 2020 ஏப்ரல் முதல் கிரெடிட் கார்டு மட்டும் செல்லாது. டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோவில் வயது வரம்பு 19. நீங்கள் கோவையில் இருந்தபடியே இந்த ஆட்டத்தின் சுவையை முழுதாகப் பெற ஒரு வழி: முந்தின இரவு ஐந்து பெயரும் ஒவ்வொருவருக்கும் நீங்கள் தரும் சதவீத வாய்ப்பும் நோட்டில் எழுதி வையுங்கள், மறுநாள் சரிபாருங்கள். 20 சதவீதம் என்று நீங்கள் எழுதியவர்கள் ஐந்தில் ஒரு முறை ஜெயிக்கிறார்களா என்று ஒரு பருவம் முழுக்கப் பார்த்தால், சாலையைப் படிப்பதில் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரியும். பணம் கட்டுகிறவர்களும் முதலில் இதைச் செய்துவிட்டு வரட்டும் என்பது எங்கள் விருப்பம்.

ஸ்டேஜைப் பாதியில் நிறுத்தினால் கட்டிய பணம் என்ன ஆகும்?
— வாசகர், லண்டன்

வெற்றியாளர் அறிவிக்கப்படாவிட்டால் ஸ்டேஜ் பந்தயங்கள் ரத்தாகிப் பணம் திரும்புவதே வழக்கம். ஸ்பெயினில் மூன்று வாரம் நடக்கும் பெரிய சுற்றான வுவெல்டாவின் 2025 போட்டியில் 11-ஆம் ஸ்டேஜ் இதற்குச் சரியான உதாரணம், அதுவும் குன்று ஸ்டேஜ். பில்பாவில் கோட்டருகே போராட்டம் நடந்ததால் கோட்டுக்கு 3 கி.மீ. முன்னால் நேரத்தை எடுத்துக்கொண்டு, வெற்றியாளர் இல்லை என்று அறிவித்தார்கள். அப்போது முன்னால் இருந்தவர்கள் டாம் பிட்காக்கும் விங்ககோவும். அவர்கள் மீது கட்டியவர்களுக்கும் வெற்றிப் பணம் கிடையாது. முடிவு முறையாக அறிவிக்கப்பட்ட நாளில், மேடையில் அறிவித்த வரிசையையே பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்கும். மாதங்கள் கழித்து ஊக்கமருந்துக்காக வெற்றி பறிக்கப்பட்டாலும் பந்தயத் தீர்ப்பு மாறாது.

தொடர்ந்து தோற்றுக்கொண்டிருக்கிறேன். விட்டதைப் பிடிக்கத் தொகையை இரட்டிப்பாக்கலாமா?
— பெயர், ஊர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்

வேண்டாம், தயவுசெய்து. நீங்கள் சரியாகவே தேர்ந்தெடுத்தாலும் தோல்வி வரிசை நீளும். 8 சதவீத வாய்ப்புள்ள வீரர்களை மட்டும் தேர்ந்தெடுத்தால், 20 முறை தொடர்ந்து தோற்பதற்கு 19 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஐந்து பேரில் ஒருவருக்கு நடக்கும். அந்த 20 முறையும் இரட்டிப்பாக்கினால் 1 பவுண்டில் தொடங்கியவர் 20-ஆவது பந்தயத்தில் 5,24,288 பவுண்ட் கட்ட வேண்டியிருக்கும். ஒரு டூருக்கு இழந்தாலும் வாடகைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் கை வைக்காத ஒரு தொகையை ஒதுக்கி, ஒவ்வொரு பந்தயத்துக்கும் அதில் நூற்றில் ஒன்று என்ற அளவோடு நில்லுங்கள். அதுவும் தீர்ந்தால் அந்தப் பருவம் முடிந்தது.

உங்கள் கடிதத்தில் கடன் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அளவு பற்றிய பேச்சே வேண்டாம், இப்போதே நிறுத்துங்கள். பிரிட்டனில் இருந்தால் கேம்ஸ்டாப்பில் பதிவு செய்யுங்கள். உரிமம் பெற்ற எல்லா இணையத் தளங்களும் ஆறு மாதம், ஓராண்டு, ஐந்தாண்டு என நீங்கள் சொல்லும் காலத்துக்கு உங்களைத் தடுக்கும். உதவி எண் 0808 8020 133, கட்டணமில்லை. பிரான்ஸில் 09 74 75 13 13. வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டு அந்த எண்ணை அழையுங்கள்.

ஏப்ரலில் வரும் ஆர்டென் ஒருநாள் போட்டிகளுக்கும் இதே கணக்குதானா?
— வாசகர், ஆன்ட்வெர்ப்

சாலை ஒன்றுதான், கணக்கு வேறு. ஒருநாள் போட்டியில் மொத்தத் தரவரிசை கிடையாது, நாளைய மலையும் கிடையாது. ஆகவே பிரேக்கை விட்டுக்கொடுக்கப் பெரிய அணிகளுக்குக் காரணமே இல்லை. அவற்றில் ஒன்றான, பெல்ஜியத்தில் நடக்கும் ஃபிளேஷ் வாலோனில் 1.3 கி.மீ., சராசரி 9.6 சதவீதச் சரிவுள்ள முர்-த-வி உச்சியில் கோடு. அலெஹாந்திரோ வல்வெர்தே அங்கே 5 முறை ஜெயித்தார், அதில் 2014 முதல் 2017 வரை தொடர்ந்து நான்கு. அங்கே முன்னணி வீரரின் குறைந்த விலைக்கு நியாயம் இருக்கலாம். அதே ஏற்றத்தை ஒரு பெரிய சுற்றின் மூன்றாம் வாரத்தில் வைத்தால் அந்த விலையைத் தொடாதீர்கள். ஒருநாள் போட்டியில் பிரேக் வீரர்களுக்கு ஒதுக்கும் பணத்தை அப்படியே எடுத்து, கடைசி ஏற்றத்தின் அடிவாரத்தில் முதல் பத்து இடத்துக்குள் வரும் பழக்கமுள்ளவர்களின் ஹெட்-டு-ஹெட்டில் போடுவது மேல். முர்-த-வியின் அடியில் 30-ஆவது இடத்தில் இருப்பவர் எவ்வளவு பலசாலியானாலும் அந்த 1.3 கிலோமீட்டருக்குள் முன்னே வர இடம் கிடைக்காது.